கல்லீரலில் தூங்குகிறவர்

ரியோஹெய் இறந்தது வயிற்றுப்போக்கில். முப்பத்து நான்கு வயது, தோளில் பையைப் போட்டுக்கொண்டு மலை ஏறி இறங்குகிற ஆள். ஆகஸ்டு மாத வெக்கையில் கெட்டுப்போன சிப்பி எதையோ தின்றுவிட்டுப் பகல் முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடந்தான். கூடத் தின்ற நண்பர்கள் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இவனுக்கு மட்டும் ரத்த அழுத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு கையிலும் உப்புநீர் ஏற்றிப் பார்த்தார்கள். எண் ஏறவில்லை. அதற்கென்று இருக்கிற மருந்து மாகாணத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அங்கே கொண்டுபோகிற வழியில், ஆம்புலன்ஸிலேயே முடிந்துவிட்டது.

கூடப் போனவர் அவனுடைய அக்கா புருஷன் கோமதிநாயகம். அம்பாசமுத்திரத்துக்காரர். வடக்கு ஜப்பானில் நாமிசாவா என்கிற மலையூருக்கு வந்து பல வருஷமாகிறது. ஊரின் ரத்த அழுத்த ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் வேலை. வாய்க்கு வசதியாகப் பெயரைச் சுருக்கி, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, எல்லோரும் கோமதி-சான் என்பார்கள். மச்சினனின் தலைமாட்டில் ஒளிர்ந்த எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அழுகை வரவில்லை. ஐம்பத்தெட்டுக்கு முப்பது என்று படித்தார். ஊரில் எல்லோருடைய அழுத்தத்தையும் தினமும் படித்துப் பழகிய கண், அது பாட்டுக்குப் படித்தது.

எரித்து முடிந்ததும் உறவினர்கள் சுற்றி நின்று எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கலயத்தில் போடுவது அங்கே வழக்கம். அதையும் செய்தார். மனைவி சிஹோவும் செய்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவி மகளுக்குச் சோறு போட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. குப்பையைத் தரம் பிரித்து வைத்தார்கள், பள்ளிக்கூட விழாவுக்குப் போய்க் கை தட்டினார்கள். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டபின் கன்னத்தை விரலால் தட்டிப் பார்ப்போமே, அப்படி இருந்தது. கன்னம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கன்னத்துக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டே சிஹோ சொன்னாள்.

"திங்கட்கிழமை மினோரிக்கு ஊசி. நான் அரைநாள் லீவு சொல்லிட்டேன். நீயும் சொல்லிடு."

"ம்."

நாமிசாவாவில் ஏழு வயதானால் பிள்ளைகளுக்கு, ரத்த அழுத்தம் ஏற எவ்வளவு வாய்ப்பு என்று மரபணு மதிப்பெண் பார்ப்பார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் ஊசி. பெரியவர்களுக்கு முன்பே போட்டாகிவிட்டது. சிஹோ போட்டுக்கொண்டவள், ரியோஹெயும் போட்டுக்கொண்டவன். இப்போது மினோரி கோட்டுக்கு மேலே இருந்தாள். அந்தக் கோட்டைக் கிழித்துக் கொடுத்தவர் கோமதிநாயகம்.

"எனக்கு எதுக்குப்பா ஊசி?" என்றாள் மினோரி. அம்மாவிடம் ஜப்பானிய மொழி, அப்பாவிடம் அச்சு அசல் அம்பாசமுத்திரம்.

விளக்கம் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஊர்ல நம்ம வீட்டு மாடில தண்ணித் தொட்டி பாத்திருக்கல்லா?"

"கறுப்புத் தொட்டி. காக்கா உக்காந்திருக்கும்."

"அதேதான். தொட்டில தண்ணி கொறஞ்சா குழாய்ல வேகம் இருக்காது. அதனால கீழ ஒரு ஆளு மோட்டார் போடணும். நம்ம உடம்புலயும் அப்படி ஒருத்தரு உண்டு. கல்லீரல்ல இருக்காரு. பேரு ஆஞ்சியோடென்சினோஜென்."

"ஆஞ்சி... தாத்தா."

"சரி, ஆஞ்சி தாத்தா. ரத்தத்துல தண்ணியோ உப்போ கொறஞ்சா அவருக்கு வேலை வந்துரும். ரத்தக் குழாய் இறுகும். சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கிடும். வேகம் வந்துரும். அந்தக் காலத்துல மனுஷனுக்கு உப்பு கெடைக்கதே பெரிய பாடு. இவரு இல்லேன்னா நாம யாருமே இல்ல."

"நல்லவருதான அப்ப?"

"நல்லவருதான். ஆனா சில பேரு உடம்புல கொஞ்சம் பதட்டக்காரரு. தொட்டி நெறஞ்சு கெடக்கும்போதே மோட்டாரைப் போட்டுருவாரு. ஜப்பான்காரங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அந்தப் பதட்டக்கார வகைதான். சாப்பாட்டுல உப்பும் ஜாஸ்தின்னா கேக்கவே வேண்டாம். வருஷக்கணக்கா அழுத்தம் தாங்கித் தாங்கி மூளைல குழாய் ஒருநாள் வெடிச்சிரும். அம்மாவோட அப்பா அப்படித்தான் போனாரு."

"ஊசி போட்டா?"

"அவரு தூங்கிருவாரு."

"எப்பப்பா எந்திப்பாரு?"

"எந்திக்க மாட்டாரு. அந்த மரபணுவையே பூட்டிருதாங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்."

மினோரி கலர் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "அப்ப தொட்டி நெசமாவே காலியாயிட்டா யாரு மோட்டார் போடுவா?"

கோமதிநாயகம் சிஹோவைத் திரும்பிப் பார்த்தார். சிஹோவுக்குத் தமிழ் பாதி புரியும். கழுவுகிற கை நிற்கவில்லை.

"ரியோஹெய் மாமாவுக்கு அதான் ஆச்சா?"

"ம்," என்றார் கோமதிநாயகம்.

மறுநாள் அலுவலகத்தில் இயக்குநரின் அறைக்குப் போனார். டாக்டர் நிஷிகோரி நாமிசாவாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எழுந்து நின்று தலை குனிந்து, கோமதிநாயகத்தை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார்.

"உங்க மச்சினர் விஷயத்தை நான் மறக்கல, கோமதி-சான். ஆனா ஊசிக்கு முன்னாடி இந்த ஊர்ல எத்தனை பேர் பக்கவாதத்துல விழுந்தாங்க, இப்ப எத்தனை பேர்? நாலுல ஒரு பங்கு கூட இல்ல. அந்தக் கணக்கும் நீங்க போட்டதுதான்."

"தெரியும், டாக்டர். நான் கேக்கிறது வேற. ரியோஹெய்க்கு அந்த ஊசி தேவைப்பட்டுச்சா?"

"மதிப்பெண் கோட்டுக்கு மேல இருந்துச்சே."

மதிப்பெண் என்பது ஒரு மரபணுவை வைத்து வருவதல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் மரபணு எழுத்து மாறியிருக்கும். ஒவ்வொன்றும் அழுத்தத்தை அரை மில்லிமீட்டர் தூக்கும், அல்லது இறக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கூட்டினால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். ரியோஹெய்க்குக் கழித்தலில் உருப்படியாக ஒன்றுதான் இருந்தது. சாராயத்தை உடைக்கிற நொதி அவனுக்குச் சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாஸ் பியருக்கே முகம் தக்காளியாகிவிடும். ஜப்பானில் நிறையப் பேருக்கு இது உண்டு. அதனால் குடிக்க மாட்டார்கள், குடிக்காததால் அழுத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தச் சிவந்த முகத்துக்காகக் கொஞ்சம் கழித்தும் அவன் கோட்டுக்கு மேலேயே நின்றான், ஆனால் கோட்டை உரசிக்கொண்டு.

"ஒவ்வொரு எழுத்துக்கும் எவ்வளவு எடை போடறதுன்னு நான்தான் முடிவு பண்ணினேன்," என்றார் கோமதிநாயகம். "அந்த எடை சரியான்னு யோசிக்கிறேன்."

"டோக்கியோவைவிட நம்ம ஊர்ல அழுத்தம் அதிகம். ஆனா நம்ம மிசோ சூப்புல உப்பு டோக்கியோவைவிடக் கம்மி. நாப்பது வருஷமா வீடு வீடாப் போய் அளந்திருக்கோம். இவ்வளவு நீளமான அளவு வேற எந்த ஊர்லயும் கிடையாது. உப்பு காரணம் இல்லேன்னா மிச்சம் ரத்தம்தானே?"

"மிச்சம் ரத்தம்தான்." அவருடைய கட்டுரையில் இருந்த வாக்கியம் அது. இயக்குநர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்து வைக்கிற மிசோ சூப் அவர்களுக்கு, நமக்கு ரசம் மாதிரி. தினமும் உண்டு. ஊர்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, கையில் உப்புமானியோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் அந்த சூப்பில் உப்பை அளந்து குறித்துக்கொள்வார்கள். சம்பளம் இல்லாத ஊர்ப்பணி. சிஹோவும் கல்யாணத்துக்கு முன்னால் அந்த முறையைச் செய்தவள்தான். வார நாளில், காலையில் வருவார்கள். கோமதிநாயகம் அப்போது அலுவலகத்தில் இருப்பார். அளவுகள் அவர் மேசைக்கு வந்துசேரும்.

இந்த முறை சாவு வீடு என்று தள்ளிப்போட்டு, சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை அவர் சமையலறை மேசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். சிஹோ சூப்பை ருசி பார்த்தாள், அடுப்பை அணைத்தாள், பக்கத்து அடுப்பில் கொதித்த கெட்டிலை எடுத்துப் பானையில் வெந்நீரை ஊற்றினாள். தயங்கித் தயங்கி இல்லை, தாராளமாக ஊற்றினாள்.

"என்ன பண்ற?"

"கிகுசி-சான் வர்றாங்க."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போனாள்.

மணி அடித்தது. கிகுசி-சான் அறுபது தாண்டிய, கலகலப்பான பெண்மணி. "சனிக்கிழமையும் அதுவுமா தொந்தரவு பண்றேன்" என்று மூன்று முறை சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். உப்புமானியைச் சூப்பில் விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பூஜ்யம் புள்ளி ஏழு சதவீதம். எப்பவும்போல நல்ல சூப். இந்த வீட்டுக்கு வந்தா எனக்கு வேலையே இல்ல. ஆனா கோமதி-சான், இந்தியாவிலேர்ந்து ஊறுகாய் கொண்டுவருவீங்களே, அதை மட்டும் அளக்கச் சொல்லிடாதீங்க. என் மீட்டர் செத்துரும்."

அவரும் சிரித்தார். பிறகு கேட்டார்: "உப்பு அதிகமா இருக்கிற வீடு ஏதாவது உண்டா?"

"போன வருஷம் ஒண்ணு. ஓசகாவிலேர்ந்து புதுசா வந்த குடும்பம். பாவம், அவங்களுக்குத் தெரியாதில்ல?"

"என்ன தெரியாது?"

கிகுசி-சான் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிஹோவைப் பார்த்தார். "சூப்பு வைக்கத்தான்!" என்று சிரித்தபடி காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவு சாத்தியதும் கோமதிநாயகம் சொன்னார்: "உன்கிட்ட பழைய மீட்டர் இருக்குமே. தினமும் வைக்கிற மாதிரி ஒரு சூப் வை."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. வைத்தாள். அவர் அளந்தார். ஒன்று புள்ளி ஆறு.

"எல்லா வீட்லயுமா?"

"எங்கம்மா ஊத்துவாங்க. நான் அளக்கப் போனப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் கெட்டில் சூடாத்தான் இருக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஆள் வர்றாங்கன்னா வாசலைக் கூட்டறோம். அது மாதிரிதானே? அளவு கூடினா அவங்க மூணு தடவை திரும்ப வரணும். பக்கத்து வீட்டுக்காரிக்கு உபதேசம் பண்ணணும். அவங்களுக்கு எவ்வளவு சங்கடம்? தண்ணி ஊத்திட்டா யாருக்கும் கஷ்டம் இல்ல."

கோமதிநாயகம் மீட்டரை மேசையில் வைத்தார். விளக்க ஆரம்பித்தார், அவருக்குத் தெரிந்தது அதுதான்.

"ஒரு சுவர்ல ஈரம் ஏறுதுன்னு வை. மழையாலயா, இல்ல செங்கல்தான் மோசமான்னு ஒருத்தன் வந்து பாக்கிறான். அவன் வர்ற நாள்ல எல்லாம் மழை நின்னுடுது. என்ன எழுதுவான்? இங்க மழையே கிடையாது, செங்கல்தான் மோசம்னு எழுதுவான். அந்த ஆள் நான். அப்பாவுக்கும் பிள்ளைங்களுக்கும் அழுத்தம் சேர்ந்து ஏறியிருந்தா, ஒரே ரத்தம்னு எழுதினேன். ஒரே பானைங்கிறது எனக்குத் தோணல."

"சிறுநீர்ல பாத்திருக்கலாமே?"

"ஒரு நாள் முழுக்கப் பிடிச்சு வைக்கணும். கொஞ்சம் பேர்கிட்ட பாத்தோம். அதுலயும் கம்மியாத்தான் வந்துச்சு."

"முந்தின நாளே ஊறுகாயை நிறுத்தியிருப்பாங்க," என்றாள் சிஹோ. அது அவளுக்கு உடனே தெரிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள்.

"அப்ப ரியோஹெய்க்கு?"

"உப்பைக் கணக்குல சரியா சேர்த்தா எழுத்துகளோட எடை குறையும். எல்லாரோட மதிப்பெண்ணும் இறங்கும். அவன் கோட்டை ஒட்டித்தான் இருந்தான்."

"நான்?"

"நீயும் ஒட்டித்தான்."

"மினோரி?"

"மினோரியும். நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது, சிஹோ. சரியான உப்பு அளவு யார்கிட்டயுமே இல்ல. அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. ஆனா சூப்புல உப்பை நாளைக்குக் கூடக் குறைக்கலாம். தூங்க வச்ச ஆளை எழுப்ப முடியாது."

சிஹோ மீட்டரின் முனையைக் கழுவி, துணியால் துடைத்து, உறையில் போட்டாள். ஆயுசு முழுக்க அவளுடைய கல்லீரலிலும் ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். ஒரு பெரிய வயிற்றுப்போக்கு, ஒரு விபத்து, போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இயக்குநரின் வீட்டுக்குப் போனார். நிஷிகோரி தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாரியலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"என் அம்மாவும் ஊத்துவாங்க," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த ஊர்க்காரன் எவனுக்குத் தெரியாது? எவ்வளவு ஊத்துவாங்கன்னுதான் தெரியாது." அவர் குரல் எப்போதும்போல மெதுவாகவே இருந்தது. "நாப்பது வருஷம் அளந்தோம். கூட்டம் போட்டோம், படம் காட்டினோம், பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக்குடுத்தோம். சூப்பு மாறல. ஆளுங்க விழுந்துக்கிட்டே இருந்தாங்க. சூப்பை மாத்த முடியல, கோமதி-சான். அதனால கல்லீரலை மாத்தினோம். அதுல ஆளுங்க பிழைச்சது பொய்யில்லையே."

"நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் போடறதை நிறுத்துங்க."

"நிறுத்தினா காரணம் சொல்லணும். இந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொய்யான சூப்பைக் காட்டினாள்னு நான் சொல்லணும். அதுக்கப்புறம் அவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பாப்பாங்க?" கையுறையைக் கழற்றினார். "உங்க குழந்தைக்கு வேண்டாம்னா காய்ச்சல்னு சொல்லிடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அடுத்த வருஷமும் சொல்லலாம்."

கோபம் வர வேண்டிய இடம் இது என்று கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது. காத்துப் பார்த்தார். வரவில்லை. தலை குனிந்து விடைபெற்று நடந்தார்.

வீட்டில் சிஹோவிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, "காய்ச்சல்னு சொல்லிடலாம்," என்றாள். பிறகு மினோரியின் சீருடைக்கு இஸ்திரி போடப் போனாள்.

திங்கட்கிழமை ஊர் மண்டபத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாக மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போடுகிற அறை தரையில் பாய் விரித்த அறை என்பதால் பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். பெயர் கூப்பிடுகிற ஊர்ப்பணி கிகுசி-சானுக்கு. போனவர்கள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். யாரும் பெரிதாக அழவில்லை.

மினோரியின் பெயர் வந்தது. மூன்று பேரும் எழுந்தார்கள். கோமதிநாயகம் வாயைத் திறப்பதற்குள் சிஹோ முன்னால் போய், இடுப்பு வளையத் தலை குனிந்தாள்.

"கிகுசி-சான், எங்க வீட்டு சூப்புல உப்பு அதிகம். நீங்க வர்றப்ப வெந்நீர் ஊத்தி வச்சேன். எல்லாத் தடவையும். அந்த அளவை வச்சுத்தான் பிள்ளைக்கு மதிப்பெண் போட்டிருக்காங்க. அதனால எங்க பிள்ளைக்கு ஊசி வேண்டாம். மன்னிச்சுக்குங்க."

ரயில் நேரம் அறிவிக்கிற குரல்போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கணக்குப் போட்டவன் நான்," என்றார் கோமதிநாயகம், வரிசையைப் பார்த்து. "கணக்கு தப்பு. உங்க பிள்ளைங்க கணக்கும் தப்பா இருக்கலாம்."

சிலர் உட்கார்ந்தபடியே அவருக்குத் தலை குனிந்தார்கள். ஒரு அம்மா தன் மகளின் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டாள், பிறகு கழற்றினாள். ஒரு அப்பா எழுந்தார், சுற்றிலும் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். எல்லாக் கண்களும் தரையில் இருந்தன.

கிகுசி-சான் சிஹோவின் பக்கமாகச் சாய்ந்தார். குரல் அவர்கள் மூன்று பேருக்கு மட்டும் கேட்டது.

"எவ்வளவு?"

"ஒன்று புள்ளி ஆறு."

"எங்க வீட்ல ஒன்று புள்ளி ஒன்பது," என்றார் கிகுசி-சான்.

சிஹோ அவர் முகத்தைப் பார்த்தாள். கிகுசி-சான் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் பேசுகிற குரலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"கிகுசி ஹருதோ."

முன்வரிசையில் இருந்து அவருடைய பேரன் "இதோ!" என்று கையைத் தூக்கினான். ஓடிவந்து, செருப்பை உதறிவிட்டு உள்ளே போனான். கதவை அவனுக்காகத் திறந்து பிடித்திருந்தவர் பாட்டிதான். கதவைச் சாத்திவிட்டு, கோணல்மாணலாகக் கிடந்த அந்தச் சின்னச் செருப்புகளைக் குனிந்து எடுத்தார். திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ள வசதியாக, வெளியே பார்க்கத் திருப்பி, ஜோடி சேர்த்து வைத்தார்.